ஆள் பஞ்சமா? பி.எஃப். பஞ்சமா?

மைசூரில் நாலு தமிழ்க்காரர்கள் ஒன்று சேர்ந்தால் முதல் பத்து நிமிஷம் காவிரி. அடுத்த பத்து நிமிஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத சோகக் கதை. அந்த நாலு பேரில் ஒருவர் சொந்தத் தொழில் செய்பவராக இருந்துவிட்டால், அதற்குப் பிறகு ராத்திரி சாப்பாடு வரை ஒரே பாட்டுதான்: "ஆள் கிடைக்கல சார். கிடைச்சாலும் வேலை தெரியல. வேலை தெரிஞ்சவன் நிக்க மாட்டேங்கிறான். உள்ளூர்க்காரன் சோம்பேறி சார்."

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் இன்று கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். கோபப்படுபவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள், ப்ளீஸ்.

மைசூரில் ஆளுக்குப் பஞ்சம் இல்லை. கற்றுக்கொள்ளக் கூடிய கைகளுக்கும் பஞ்சம் இல்லை. முதல் மாசத்திலிருந்தே ஒழுங்காகச் சம்பளச் சீட்டு கொடுத்து, பி.எஃப். கட்டி, இ.எஸ்.ஐ. கட்டும் சின்ன முதலாளிகளுக்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் நம்ம ஆட்களுக்கும் தாராளமான பங்கு உண்டு.

நான் வங்கியில் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். தொழிற்கடன் கேட்டு வருகிறவர்களின் திட்ட அறிக்கைகளைப் படிப்பதுதான் பிழைப்பு. அதில் இயந்திரத்துக்கு மூன்று பக்கம் இருக்கும். கொட்டேஷன், தேய்மானம், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், தீ விபத்து இன்சூரன்ஸ் எல்லாம் புள்ளி பிசகாமல் எழுதியிருப்பார்கள். மூலப்பொருளுக்கு இரண்டு பக்கம். தொழிலாளர்களுக்கு? ஒரே ஒரு வரி. "தேவையான தொழிலாளர்கள் உள்ளூரிலேயே தாராளமாகக் கிடைப்பார்கள்."

அதே மனிதர் இரண்டு வருஷம் கழித்துத் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு கடிதம் கொண்டுவருவார். "ஆட்கள் கிடைக்காததால் உற்பத்தி பாதியாகக் குறைந்துவிட்டது." சாமி, இரண்டில் எது பொய்? இயந்திரத்துக்கு எண்ணெய் போடாவிட்டால் நின்றுவிடும் என்று தெரிந்தவருக்கு, மனுஷனுக்கு ஒன்றும் போடாவிட்டால் கிளம்பிவிடுவான் என்று தெரியாதா?

சரி, இந்த ஊரில் யார் யார் வேலைக்கு இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஹெப்பாள், மேட்டகள்ளி, ஹூட்டகள்ளி, அந்தப் பக்கம் நஞ்சன்கூடு என்று தொழிற்பேட்டைகள் பரந்து கிடக்கின்றன. ஜே.கே. டயர், ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ், பி.இ.எம்.எல்., டி.வி.எஸ்., நஞ்சன்கூட்டில் நெஸ்லே, ரிசர்வ் வங்கியின் நோட்டு அச்சகம் எல்லாம் இங்கேதான். பயிற்சிக்கு அரசு ஐ.டி.ஐ., ஜி.டி.டி.சி. என்கிற அரசு டூல் ரூம் பயிற்சி மையம், சிப்பெட், பாலிடெக்னிக்குகள். பொறியியல் கல்லூரி என்றால் 1946-லிருந்து என்.ஐ.இ., 1963-லிருந்து எஸ்.ஜே.சி.இ. வருஷா வருஷம் பசங்கள் படித்து வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெரிய கம்பெனியில் ஒரு இடம் காலி என்றால் விண்ணப்பம் போடாத ஐ.டி.ஐ. பையன் இங்கே அபூர்வம். அங்கே போகத் துடிக்கிற அதே பையன் உங்கள் பட்டறைக்கு வந்தால் மட்டும் மூன்று மாசத்தில் சோம்பேறி ஆகிவிடுகிறானா? நல்ல லாஜிக்.

2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயணம், 'சக்தி' திட்டம். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் நஞ்சன்கூட்டிலும் டி. நரசிபுராவிலும் இருக்கும் பெண்களுக்கு மைசூர் வந்துபோகப் பஸ் செலவு பூஜ்யம். அதாவது முதலாளி ஒரு பைசா போடாமல் ஆள் கிடைக்கும் வட்டாரத்தை அரசாங்கம் பெரிசாக்கிக் கொடுத்தது. ஆனால் அதே வருஷம் மார்ச்சில் பெங்களூர் விரைவுச் சாலையையும் திறந்துவிட்டார்கள். அந்த வழியாகத் திறமையான பையன் பெங்களூருக்குப் போய்விடுகிறான். ஏன் போகிறான் என்று யோசிக்காமல், போனவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பி.காம். படித்தவனிடம் வந்தால் கணக்குப் போடாமல் விடமாட்டான். போடுவோம்.

ஒரு தொழிலாளிக்கு மாசச் சம்பளம் 14,000 ரூபாய், முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். முதலாளியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,680 ரூபாய். வைப்புநிதியோடு சேர்ந்த ஆயுள் காப்பீட்டுக்கு அரை சதவீதம், 70 ரூபாய். நிர்வாகச் செலவு அரை சதவீதம், இன்னொரு 70. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455 ரூபாய். எல்லாம் கூட்டினால் 2,275 ரூபாய்.

இந்த 2,275-ஐ மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை தில்லாலங்கடி வேலையும்.

இந்தக் காசுக்கு அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? வைப்புநிதிக்கு 2024-25-ல் வட்டி 8.25 சதவீதம். அந்த வருஷம் பெரிய வங்கிகளின் டெபாசிட்டில் சாதாரணமாகக் கிடைத்ததைவிட இது அதிகம் (எங்கள் வங்கியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). அவன் வேலையில் இருக்கும்போது செத்துப்போனால், அந்த மாசம் 70 ரூபாய் காப்பீட்டிலிருந்து குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை வரும். இ.எஸ்.ஐ.-யில் அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் வைத்தியம். நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். பெண் தொழிலாளிக்குப் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம். வேலையில் கை போனால் ஊனத்துக்கு மாசாமாசம் உதவித்தொகை. நாம் டீ காபிக்குச் செலவழிக்கிற காசில் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வராமல் தப்பிக்கிறது.

இன்னொரு கூத்து. மத்திய அரசின் 'பிரதமர் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா', 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை புதிதாக உருவாக்கப்படும் வேலைகளுக்கு. பி.எஃப்.-இல் பதிவு செய்த நிறுவனம் கூடுதலாக ஆள் எடுத்து, ஆறு மாசம் தக்கவைத்தால், 10,000-க்கு மேல் 20,000 வரை சம்பளம் உள்ள ஒவ்வொருவருக்கும் முதலாளிக்கு மாசம் 2,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுத்தால் போதும். மேலே போட்ட 2,275-இல் 2,000 ரூபாயை அரசாங்கமே திருப்பித் தருகிறது. முதல் முறையாக பி.எஃப்.-இல் சேரும் பையனுக்கும் ஒரு மாசச் சம்பளம், 15,000 ரூபாய் வரை, இரண்டு தவணையாக. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் வரும் பதில் என்ன தெரியுமா? "பி.எஃப்.-இல போய் மாட்டிக்கிட்டா வெளியே வர முடியாது சார்." ஐயா, அது என்ன எலிப்பொறியா?

அடுத்து 'பத்தொன்பது' என்ற மந்திர எண். இருபது பேர் ஆனால் பி.எஃப். கட்டாயம். அதனால் பல இடங்களில் பேரேட்டில் எப்போதும் பத்தொன்பது பேர்தான். மீதிப்பேர் மச்சான் பெயரில் ஒரு நிறுவனம், மாமனார் பெயரில் ஒரு கான்ட்ராக்ட். இ.எஸ்.ஐ.-க்குப் பத்து பேர் என்பதால் சின்னக் கடைகளில் ஒன்பது. இன்னொரு வகை இருக்கிறது. 14,000 சம்பளத்தில் அடிப்படை 5,000, மீதியெல்லாம் போக்குவரத்துப் படி, சலவைப் படி, சிறப்புப் படி. சட்டையே மாற்றாமல் வேலை செய்கிறவனுக்குச் சலவைப் படி! இதை 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தட்டிக் கேட்டது. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படிகளையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், படிகளெல்லாம் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமே என்கின்றன. ஒப்பந்தக் காலம் வைத்து நேரடியாக எடுக்கும் தொழிலாளிக்கு ஒரு வருஷம் முடிந்தாலே கிராஜுவிட்டி. தில்லாலங்கடிக்கு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

"அவனுக்கே பி.எஃப். வேண்டாம் சார், கையில காசா குடுன்னுதான் கேக்கறான்" என்பார்கள். சில பேர் அப்படிக் கேட்பது உண்மைதான். பிடித்தம் போக வீட்டுக்குப் போகும் பணம் குறைவதால் கேட்கிறார்கள். அதை வைத்துத் தொழிலாளிக்கு இந்தச் சேமிப்பின் அருமை தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2016 ஏப்ரலில் பெங்களூரில் என்ன நடந்தது? முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியபோது, ஆயிரக்கணக்கான கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். இரண்டு நாள் ஓசூர் சாலையும் மற்ற சாலைகளும் ஸ்தம்பித்தன. ஏப்ரல் 19-ந்தேதி அரசாங்கம் அந்த விதியை வாபஸ் வாங்கியது. நாடு முழுக்கப் பெரிய தொழிற்சங்கங்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்த விஷயத்தைத் தையல் மெஷின் மிதிக்கும் பெண்கள் இரண்டே நாளில் முடித்துக் காட்டினார்கள். அவர்களிடம் போய் பி.எஃப். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

வங்கிக்காரனாக இன்னொன்று சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டும் பி.எஃப். கணக்கும் இல்லாதவன் எங்கள் கவுன்டருக்கு வந்தால் நாங்கள் கடன் கொடுப்பதில்லை. அது எங்கள் விதி. அவன் மைக்ரோ ஃபைனான்ஸுக்குப் போவான். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. 2025 ஜனவரியில் சாமராஜநகரிலும் நஞ்சன்கூடு பக்கமும் கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனதைப் பேப்பரில் பார்த்தோம். பிப்ரவரியில் கர்நாடக அரசு கட்டாய வசூலைத் தடுக்க அவசரச் சட்டமே போட்டது. அவர்கள் எல்லோரும் ஆலைத் தொழிலாளிகள் என்று சொல்லவில்லை. ஆனால் சீட்டு இல்லாத சம்பளம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. "போன மாசம் நல்லா வேலை செஞ்சான், திடீர்னு காணாம போயிட்டான்" என்று அலுத்துக்கொள்பவர்கள், அவன் எதற்குப் பயந்து போனான் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அப்புறம் 'திறமை இல்லை' என்ற பல்லவி. இன்ஃபோசிஸ் இந்த ஊரில் என்ன செய்தது? தேவையான திறமையோடு ஆள் வருவான் என்று காத்துக்கொண்டிருக்கவில்லை. ஹெப்பாளில் பெரிய பயிற்சி வளாகம் கட்டி, கல்லூரி முடித்த பசங்களைச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தது. அதே வளாகத்தில் 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியேற்றியதையும் பார்த்தோம். அது பெரிய சர்ச்சையாகி தொழிலாளர் துறை வரை போனது. அதனால் அவர்களைத் தூக்கி வைத்துப் பாடவில்லை. வேலைக்குத் தேவையான வித்தையைச் சொல்லிக் கொடுப்பது முதலாளியின் செலவு என்ற அடிப்படை மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சின்ன நிறுவனத்தால் வளாகம் கட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் அப்ரன்டிஸ் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. முப்பது பேருக்கு மேல் உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். நாலு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம். 2016-ல் வந்த தேசியத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை அரசே ஏற்றது. எத்தனை பேர் எடுக்கிறீர்கள்? எடுத்தவர்களில் எத்தனை பேரை டீ வாங்கவும் குடோன் பெருக்கவும் அனுப்பாமல் மெஷினில் நிற்க வைத்தீர்கள்?

இப்போது நம்ம வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வலிக்கும்.

உள்ளூர்க்காரன் சரியில்லை என்று நம்மவர்கள் பலர் ஊரிலிருந்து பசங்களை அழைத்து வருகிறார்கள். கடை மாடியிலேயே தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, பொங்கலுக்கு ஒரு சட்டை. "நம்ம பையன், நம்பிக்கையானவன்" என்பார்கள். உண்மையான காரணம் வேறு. மொழி தெரியாத ஊரில் அவனுக்குப் போக இடம் கிடையாது. காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருவான். சம்பளத்தை மொத்தமாக ஊருக்குப் போகும்போது தருகிறேன் என்றால் தலையாட்டுவான். அவன் அப்பாவை நமக்குத் தெரியும் என்பதால் பி.எஃப். கேட்கமாட்டான். இப்போது அந்தப் பையனும் வருவதில்லை என்பதால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரவழைக்கிறோம்.

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தை இல்லை. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று ஓடியது. மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை, நடுவில் போனால் பல பெண்களுக்கு அதுவும் கிடையாது. திருப்பூரில் "தமிழன் வேலைக்கு வரமாட்டேங்கிறான், வடக்கத்தியான்தான் உழைக்கிறான்" என்று சொல்லும் முதலாளி தமிழன். 2023 மார்ச்சில் வட இந்தியத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அவர்கள் ரயிலேறியதும் திருப்பூரும் கோவையும் பதறிய பதற்றம் ஞாபகம் இருக்கிறதா? அங்கே தமிழன் சோம்பேறி, இங்கே கன்னடக்காரன் சோம்பேறி, நாளைக்குப் பாட்னாவில் பீகாரி சோம்பேறி. எந்த ஊரானாலும் சொந்த ஊரில் இருப்பவன் மட்டும் சோம்பேறியாகத் தெரிவது ஏன்? சொந்த ஊரில் அவனால் 'முடியாது' என்று சொல்ல முடிகிறது, அவ்வளவுதான் விஷயம்.

கோலார் தங்க வயலை மறந்துவிட வேண்டாம். நம்ம தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய்ப் பூமிக்கடியில் இறங்கினவர்கள் நம் சனம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அன்று வெளியூரிலிருந்து மலிவாகக் கொண்டுவரப்பட்ட கூட்டம் நாம். இன்று நாம் மலிவாகக் கொண்டுவருகிறோம்.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்ற பதவிகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு. கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிய வேண்டும். நம்ம வீடுகளில் எல்லாம் தூக்கம் போச்சு. கம்பெனிகள் கூச்சல் போட்டதும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

அந்த மசோதாவை நானும் ஆதரிக்கவில்லை. ஹரியானா 2020-ல் இதே மாதிரி 75 சதவீதச் சட்டம் போட்டு, 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1980-களில் சரோஜினி மகிஷி குழு அமைந்த காலத்திலிருந்து இந்தக் கோரிக்கை சாகாமல் இருக்கிறது. தன் தெருவிலேயே இருக்கும் கடையில் தனக்கு வேலை இல்லை, அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து ஒரு பையன் வருகிறான் என்றால் கோபம் வராதா? அந்தக் கோபத்தில் அவன் வந்தவனைப் பார்க்கிறான், கொண்டுவந்தவனின் சம்பளப் பேரேட்டைப் பார்ப்பதில்லை. மசோதா எழுதியவர்களும் யார் எங்கே பிறந்தார்கள் என்று எண்ணினார்கள். எவனுக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று எண்ணியிருந்தால், உள்ளூரோ வெளியூரோ ஒரே செலவு ஆகியிருக்கும். செலவு ஒன்றானால் எந்த முதலாளி ரயில் டிக்கெட் போட்டு ஆள் கொண்டுவரப் போகிறான்? இட ஒதுக்கீடு இல்லாமலே உள்ளூர்க்காரனுக்கு வேலை கிடைக்கும், நமக்கும் இந்த ஊரில் நிம்மதியாகத் தூங்க முடியும்.

சின்ன முதலாளியின் கஷ்டம் எனக்குத் தெரியாதது அல்ல. பெரிய கம்பெனி சரக்கு வாங்கிவிட்டு மூன்று மாசம் பணம் தராமல் இழுத்தடிக்கும். பி.எஃப். மட்டும் மாசம் 15-ந்தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதற்கு நடைமுறை மூலதனக் கடன் கேளுங்கள். ஆறு மாசச் சம்பளத்தையும் பி.எஃப்.-ஐயும் திட்ட அறிக்கையிலேயே தனித் தலைப்பில் எழுதுங்கள். அந்த ஒற்றை வரியை ஒரு பக்கமாக்கிக்கொண்டு வந்தால், எந்தக் கடன் அதிகாரியும் உங்களை மேலும் மரியாதையாகத்தான் பார்ப்பான். இருபது பேர் இல்லாவிட்டாலும் விருப்பத்தின் பேரில் பி.எஃப்.-இல் சேரலாம். துணிக்கடை வைத்திருப்பவர்கள் உட்கார ஒரு ஸ்டூலாவது போடுங்கள். 2021-ல் தமிழ்நாடு அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது.

"நமக்கென்ன, நாம் மாசச் சம்பளக்காரர்கள்" என்று சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஐ.டி. தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற செக்யூரிட்டிக்காரருக்கும், லிஃப்ட் துடைக்கிற அம்மாவுக்கும் ஏஜென்சி பி.எஃப். கட்டுகிறதா? அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் நீச்சல் குளத்து டைல்ஸ் பற்றிப் பேசி முடித்தபிறகு, அந்தச் சலானைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் ஏறலாம். ஏறட்டும்.

அதற்குப் பிறகும் ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள். உட்கார்ந்து பேசுவோம். அதுவரைக்கும் உள்ளூர்க்காரன் சோம்பேறி என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால், போன மாசச் சலானை எடுங்க சார் என்றுதான் கேட்பேன்.

டிஸ்கி: இதிலுள்ள கருத்துகள் எல்லாம் என் சொந்தக் கருத்துகள். எனக்குச் சம்பளம் தரும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறார்கள் :-)